பெரியவர் விழுந்தால் மாத்திரை அட்டையும் கூடவே போகட்டும்

வீட்டில் பெரியவர் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டால், "ரத்தம் வரலையே, வீக்கம்கூட இல்லையே" என்று விட்டுவிடாதீர்கள். வயதானால் மூளை சற்றுச் சுருங்கியிருக்கும். மண்டைக்குள் அந்த இடைவெளி இருப்பதால், உள்ளே கசியும் ரத்தத்தின் அறிகுறி வெளியே தெரிய நாள்கணக்கில், சிலசமயம் வாரக்கணக்கில்கூட ஆகும். வார்ஃபரின், குளோபிடோகிரெல் மாதிரி ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் உடனே மருத்துவமனைதான். மாத்திரை அட்டைகளை அப்படியே பையில் போட்டுக்கொள்ளுங்கள். ரத்தம் இழந்தால் வழக்கமாக நாடி வேகமெடுக்கும்; ஆனால் அட்டெனலால், மெட்டோப்ரோலால் மாதிரி ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவருக்கு உடம்புக்குள் ரத்தம் கசிந்தாலும் நாடி அவ்வளவாக வேகமெடுக்காது. டாக்டரிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள்.

அப்புறம், ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். தைலம் தேய்ப்பது, கைத்தாங்கலாக நடக்கவைத்துப் பார்ப்பது எதுவும் வேண்டாம். அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.