புதுச்சேரியில் பறவை பார்க்கப் போகும் நாளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியில் பறவை பார்ப்பதற்கென்று ஒரு நாளை ஒதுக்குகிறவர்கள் பெரும்பாலும் இருட்டு பிரியுமுன் நேராக ஊசுடு ஏரிக்குத்தான் வண்டியை விடுகிறார்கள். வெளிச்சம் வரும்வரை கரையில் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்று, ஒன்பது மணிக்கு மேல் ஆரோவில் மேட்டுக்கோ கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டுக்கோ கிளம்பி, அங்கே தவிட்டுக்குருவிகளின் இரைச்சலைத் தவிர வேறொன்றும் கிடைக்காமல் சோர்ந்து திரும்புகிறார்கள். காட்டில் பறவையே இல்லை என்று பிறகு சொல்கிறவர்களும் இவர்கள்தான். காட்டுப் பறவைகள் விடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் பாடி, இரை தேடி, வெயில் ஏறியதும் நிழலுக்குள் அடங்கிவிடுகின்றன. ஏரியின் நாமக்கோழியும் முக்குளிப்பானும் நண்பகலிலும் அதே நீரில் மிதந்துகொண்டிருக்கும். ஆகவே காடு முதலில், ஏரி அடுத்து, சேற்றுநிலம் மாலையில் என்று வைத்துக்கொள்வதே சரியான வரிசை.

காட்டுக்கு விடியலில் போக வேண்டியதற்கு ஆறுமணிக்குருவி ஒன்றே போதுமான காரணம். மத்திய இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் கோடையில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தில் தெற்கே வந்து தங்கும் இப்பறவை, காலை மாலை ஆறு மணியை ஒட்டி இரண்டிரண்டு சீழ்க்கையாகக் குரல் கொடுப்பதால் அந்தப் பெயரைப் பெற்றது. வீரை, காயா மரங்கள் அடர்ந்த கோயில் காட்டிலும், 1968-இல் ஆரோவில் தொடங்கியபோது மொட்டைச் செம்மண்ணாகக் கிடந்த மேட்டில் பின்னர் நட்டு வளர்த்த காட்டிலும், சருகைப் புரட்டிப் புழு தேடியபடி தரையில் தத்தித் தத்திப் போகும். அதைத் தேடி நடப்பதுதான் தவறு. குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு மரத்தடியில் கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால், சருகுச் சத்தம் தானாக நம்மை நோக்கி வரும்.

இந்தப் பொறுமை இல்லாதவர்கள் கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டு அழைக்கிறார்கள். பறவை வருவது உண்மைதான். ஆனால் வேறொரு பறவை தன் இடத்துக்குள் நுழைந்துவிட்டதென்று எண்ணி, இரை தேடுவதை விட்டுவிட்டுப் பதற்றத்தோடு வருகிறது. ஒரே மரத்தடியில் வார இறுதிதோறும் ஒருவர் பின் ஒருவராக இதைச் செய்தால் அதன் காலை உணவு நேரம் முழுவதும் வீணாகிறது. நல்ல படம் கிடைத்தது என்பது இதற்கு நியாயமாகாது என்பது என் கருத்து.

பைனாகுலர் வாங்குவதில் நேரும் தவறு, பெரிய எண்ணைப் பார்த்து மயங்குவது. 20 மடங்கு பெரிதாக்கும் கருவி பறவையை மட்டுமல்ல, நம் கை நடுக்கத்தையும் இருபது மடங்கு பெரிதாக்கும். காணும் பரப்பும் குறுகிவிடும். 8x42 என்று எழுதப்பட்டிருப்பது, எட்டு மடங்கு பெரிதாக்கும், முகப்பு வில்லை 42 மில்லிமீட்டர் அகலமுள்ள கருவி. காட்டின் மங்கல் வெளிச்சத்துக்கும் ஏரியின் தொலைவுக்கும் அதுவே போதும். ஒரு கண்ணுக்கென்று தனியாக உள்ள திருத்து வளையத்தை ஒருமுறை சரிசெய்துகொள்ளாமல், கருவி மங்கல் என்று பழி சொல்பவர்களும் உண்டு. அதைவிடப் பெரிய சிக்கல், பறவையைக் கண்டவுடன் குனிந்து கருவியைத் தேடுவது. பார்வையைப் பறவையிலிருந்து எடுக்காமல், கருவியைக் கண்ணுக்கு உயர்த்த வேண்டும்.

ஏரியில் முதலில் பார்க்க வேண்டியது வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை. முற்பகலில் கிழக்குக் கரையில் நின்றால் வெயில் நம் முதுகில் விழும், எதிரே நீரில் இருக்கும் ஊசிவால் வாத்தின் கழுத்துக் கோடுகூடத் தெளிவாகத் தெரியும். அதே இடத்தில் மாலையில் நின்றால் எல்லா வாத்துகளும் கறுப்பு வாத்துகளே. அடுத்தது, ஏரி நிரம்பி வழியும்போதுதான் பறவைகள் அதிகம் என்ற நம்பிக்கை. வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு போனால் முக்குளிப்பானும் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் இருக்கும். ஆனால் சேற்றோரத்தில் நடந்து இரை தேடும் உள்ளான்களுக்கு அங்கே கால் ஊன்ற இடமிருக்காது. எந்தப் பறவை எவ்வளவு ஆழத்தில் நிற்கும் என்பதை அதன் கால் நீளமே தீர்மானிக்கிறது. தண்ணீர் வற்றி ஓரங்கள் சேறாகும் சனவரி, பிப்ரவரி மாதங்களில் ஊசுடும் பாகூர் ஏரியும் வேறு முகம் காட்டும்.

பெயர் சொல்லும் அவசரத்தில் நிறத்தை மட்டும் நம்புவதுதான் எல்லாரும் செய்யும் பிழை. மடையான் கரையில் குறுகி உட்கார்ந்திருக்கும்போது சேற்று நிறம். எழுந்து பறந்தால் சிறகெல்லாம் வெள்ளை. புதிதாகப் பார்ப்பவர் அதை இரண்டு பறவைகளாக எண்ணிக் குறித்துக்கொள்வார். வெள்ளைக் கொக்குகளில் குழப்பம் இன்னும் அதிகம். அலகு மஞ்சள் என்றால் உண்ணிக்கொக்கு என்று முடிவு கட்டிவிடக் கூடாது, குளிர்காலத்தில் பெரிய கொக்குக்கும் இடைக்கொக்குக்கும் அலகு மஞ்சள்தான். பெரிய கொக்கின் வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் நீண்டிருக்கும், இடைக்கொக்குக்குக் கண்ணுக்கு அடியிலேயே முடிந்துவிடும். சின்னக் கொக்குக்கோ அலகும் காலும் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். அது சேற்றிலிருந்து காலைத் தூக்கும் ஒரு நொடிக்காகக் காத்திருக்க வேண்டும்.

காதை நம்புவதிலும் எச்சரிக்கை தேவை. ஒருமுறை வல்லூறின் குரலைத் தெளிவாகக் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். சற்று நடந்து பார்த்தால் மின்கம்பியில் உட்கார்ந்திருந்த கரிச்சான் வல்லூறைப் போல் கத்திக்கொண்டிருந்தது, பக்கத்தில் மேய்ந்த மைனாக்கள் சிதறி ஓடின. பறவைக் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலி காட்டும் பெயர்களையும் இப்படித்தான் கொள்ள வேண்டும்: எதைத் தேடிப் பார்க்கலாம் என்பதற்கு அது ஒரு துப்பு. பார்க்காததை அப்படியே ஈபேர்டு என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றினால், 2015 முதல் பொங்கல் நாட்களில் தமிழகமெங்கும் ஆர்வலர்கள் நடத்திவரும் கணக்கெடுப்பு போன்ற பொதுப் பதிவுகளிலும் அந்தப் பிழை போய் உட்கார்ந்துவிடும்.

கூடுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாம் நெருங்கினால் தாய்ப்பறவை எழும். எழுந்த கூட்டில் வெயில் முட்டைகளை வாட்டும், காகம் எடுத்துப் போகும். படத்துக்காகக் கூட்டைச் சுற்றிய இலைகளை ஒடிப்பது அந்தக் காகத்துக்கு வழிகாட்டுவதாகும். ஊசுடு ஏரியின் புதுச்சேரிப் பகுதி 2008 முதல் சரணாலயம், அங்கே சட்டமும் குறுக்கே நிற்கும்.

மாலையில் வடக்கே கழுவேலிக்குப் போகிறவர்கள் தரையின் தோற்றத்தை நம்பக் கூடாது. 2021-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட, 5,000 ஹெக்டேரைத் தாண்டிய உவர்நீர்ப் பரப்பு அது. மழைக்குப் பின் நிறைந்து, பிறகு மெல்ல வற்றி, ஓரங்களில் கட்டம் கட்டமாக வெடிப்பு விடும். அந்த வெடிப்பைப் பார்த்து, காய்ந்துவிட்டதென்று நம்பி, பூநாரை தெரிந்த திசையில் இறங்கினேன். பத்தாவது அடியில் முழங்கால்வரை போய்விட்டது. காலை எடுத்தேன், செருப்பு வரவில்லை. மாடு ஓட்டி வந்த பெரியவர் கரையிலிருந்தே கூப்பிட்டார்: "சார், மேல காஞ்சாப்புலதான் இருக்கும், அடியில களி. மாடு போற தடத்துலயே வாங்க." அந்தத் தடம் சுற்றுவழிதான், ஆனால் மாடுகளுக்குப் பழகிய பறவைகள், அவற்றோடு மெதுவாக வந்த ஆளைக் கண்டு எழவில்லை.

ஐந்து மணி ஆனதும் கிளம்பிவிடுவது அங்கே செய்யும் கடைசித் தவறு. சேற்றுப் பூனைப்பருந்து கோரையின் நுனியை உரசுவதுபோல் தாழப் பறந்து அடையும் இடத்துக்குத் திரும்புவதும், நாரைகள் வரிசையாக உயரே கடந்து போவதும் சூரியன் மறைந்த பிறகுதான். தண்ணீரில் வெளிச்சம் முற்றிலும் அணையும்வரை கரையில் உட்கார்ந்திருந்து, கைவிளக்கைத் தரையை நோக்கிப் பிடித்தபடி வந்த தடத்திலேயே திரும்ப வேண்டும்.