மாத்திரை அட்டையின் சிவப்புக் கட்டத்தைக் கவனியுங்கள்

வீட்டில் மீந்து கிடக்கும் மாத்திரை அட்டைகளின் பின்புறத்தை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் சிவப்புக் கோட்டிட்ட கட்டத்துக்குள், மருத்துவ ஆலோசனையின்றி உட்கொள்வது ஆபத்தானது என்ற எச்சரிக்கை ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருக்கும். இந்தியாவில் 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள 'ஹெச்1' அட்டவணை, அதாவது மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத, கூடுதல் கட்டுப்பாடுள்ள மருந்துகளின் பட்டியலில் இருப்பவற்றின் அடையாளம் அது. சில ஆன்டிபயாடிக்குகளோடு, பழக்கத்துக்கு அடிமையாக்கக்கூடிய அல்பிரசோலம், டயஸிபாம் (பதற்றம் தணிப்பவை), சோல்பிடெம் (தூக்க மாத்திரை), டிரமடால் (வலிநிவாரணி) ஆகியவையும் அந்த அட்டவணையில் உள்ளன. இவற்றை விற்கும் மருந்துக்கடை, நோயாளியின் பெயரையும் சீட்டு எழுதிய மருத்துவரின் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். கடையில் இத்தனை கட்டுப்பாட்டோடு விற்கப்படும் மருந்து, வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் மேல் கேட்பாரற்றுக் கிடப்பது எனக்கு மிகுந்த கவலையைத் தருகிறது.

இத்தகைய அட்டைகளைப் பூட்டி வையுங்கள். எஞ்சிய மாத்திரைகளை அவ்வப்போது எண்ணிப் பாருங்கள். தூக்கம் வரவில்லை என்று கேட்கும் உறவினருக்குக்கூட எடுத்துக் கொடுக்காதீர்கள்.

மிக முக்கியமாக, அல்பிரசோலம் போன்ற மாத்திரைகளை மாதக்கணக்கில் உட்கொண்டு வருபவரிடமிருந்து, அடிமையாகிவிட்டார் என்று அஞ்சி, அவற்றை ஒரே நாளில் பிடுங்கிவிடக் கூடாது. திடீரென நிறுத்தினால் கடும் பதற்றமும், சிலருக்கு உயிருக்கே ஆபத்தான வலிப்பும் வரலாம் என்பதால், மருத்துவரின் மேற்பார்வையில் அளவைப் படிப்படியாகக் குறைப்பதே பாதுகாப்பானது. யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்கள், போதை மீட்புக்கான தேசியக் கட்டணமில்லா உதவி எண் 14446-ஐ அழைக்கலாம்.