இரத்தக்குழாயை இறுக்கும் பெப்டைடுகள்: எங்கே தடுக்கி விழுகிறோம்?

"எண்டோதீலின் சுருக்கும், பிராடிகைனின் விரிக்கும்" என்று, அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலிகளான பெப்டைடுகளை அட்டவணை போட்டு மனப்பாடம் செய்வதுதான் முதல் தவறு. தேர்வுக்கு அது போதும். உடலிலோ, பெப்டைடு எந்தச் செல்லில் எந்த ஏற்பியில் (சேதியை வாங்கும் புரதத்தில்) போய் ஒட்டுகிறது என்பதைப் பொறுத்தே விளைவு அமைகிறது.

1988இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அறிவித்த எண்டோதீலின்-1ஐயே பார்ப்போம். அதில் 21 அமினோ அமிலங்கள். குழாய்ச் சுவரிலுள்ள மென்தசையின் ஏ வகை ஏற்பியில் ஒட்டினால் குழாய் இறுகும். அந்த இறுக்கம் எளிதில் விடாது. குழாயின் உள்பக்கத்தைப் போர்த்தியிருக்கும் உட்சுவர்ச் செல்களின் பி வகை ஏற்பியில் ஒட்டினாலோ நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு வெளிப்பட்டுத் தசை தளரும். விலங்குகளின் சிரைக்குள் இதைச் செலுத்தும்போது இரத்த அழுத்தம் முதலில் சற்று இறங்கி, பிறகு ஏறி நிற்பது இதனால்தான். போதாக்குறைக்கு, பி வகை ஏற்பி மென்தசையிலும் உண்டு. அங்கே அது சுருக்கவே செய்யும்.

ஆய்வகத்தில் உட்சுவரை அலட்சியப்படுத்துவது இன்னொரு தவறு. தமனித் துண்டின் இறுக்கத்தை அளக்க அதைக் கம்பியில் மாட்டும்போது உள்பக்கம் உரசிப் போனால், பிராடிகைனின் தரவேண்டிய தளர்ச்சி காணாமல் போய்விடும். 1980இல் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் பெருந்தமனியில் அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் சேதிப்பொருளை வைத்துக் காட்டியதும் இதே பாடம்தான். பெப்டைடைக் குறை சொல்லும் முன், உட்சுவர் இருக்கிறதா என்று பாருங்கள்.

எலும்புத்தசையிலும் இதயத்தசையிலும் கால்சியத்தை உணரும் புரதமான ட்ரோபோனின், விடைத்தாள்களில் இங்கேயும் அடிக்கடி தலைகாட்டும். மென்தசையில் அது கிடையாது. குழாயைச் சுருக்கும் இன்னொரு பெப்டைடான ஆஞ்சியோடென்சின்-2 தன் ஏற்பியைத் தூண்டியதும் செல்லுக்குள் கால்சியம் பெருகும்; அது கால்மோடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்து, பாஸ்பேட்டை ஏற்றும் ஒரு கைனேஸ் நொதியை முடுக்க, தசையை இழுக்கும் மயோசின் புரதத்தில் பாஸ்பேட் ஏறும், தசை சுருங்கும். எல்லாமே கால்சியம்தான் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடவும் கூடாது. ரோ கைனேஸ் என்ற இன்னொரு நொதி, அந்தப் பாஸ்பேட்டை நீக்கும் நொதியைத் தடுப்பதால், கால்சியம் குறைந்த பிறகும் இறுக்கம் நீடிக்கும்.

இரத்தத்தில் எண்டோதீலின் அளவு குறைவு, ஆகவே அதற்கு வேலையில்லை என்பதும் அவசர முடிவு. உட்சுவர்ச் செல்கள் அதைப் பெரும்பாலும் தசைப் பக்கமாகவே சுரக்கின்றன.

ஒரு நொதிக்கு ஒரே வேலை என்று நினைப்பவர்களுக்கு ஏசிஇ என்ற நொதியைத் தடுக்கும் இரத்த அழுத்த மருந்துகளைக் காட்டலாம். ஆஞ்சியோடென்சின்-2ஐ உருவாக்கும் அதே நொதிதான் பிராடிகைனினையும் சிதைக்கிறது. அதைத் தடுத்தால் இரத்த அழுத்தம் குறையும். கூடவே பிராடிகைனின் தேங்கும். சிலருக்கு வரும் வறட்டு இருமலுக்கு அதுவே முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. அத்தகையவர்களுக்கு நொதியை விட்டுவிட்டு, ஆஞ்சியோடென்சின் ஏற்பியை மட்டும் தடுக்கும் மருந்தை மருத்துவர்கள் எழுதுவது வழக்கம்.