மூலத்துக்கு முன் நோட்ஸ்: குறுங்காலக் கற்கைநெறியில் செவ்விலக்கியம் படிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இருந்துகொண்டு, ஆறு வாரம், எட்டு வாரக் கற்கைநெறியில் சேர்ந்து குறளும் சிலம்பும் பிளேட்டோவும் படிக்கத் தொடங்குகிறவர்கள் சறுக்குகிற இடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். முன்பு நாங்கள் சறுக்கிய அதே இடங்கள். வகுப்புக்குப் பிந்துவது, ஒப்படையை இழுத்தடிப்பது பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை. அவை தானாகத் திருந்திவிடும்.

நோட்ஸைப் படித்துவிட்டு மூலத்துக்குப் போவது

உயர்தரப் பரீட்சைக்குப் பழகிய கை முதலில் தேடுவது நோட்ஸைத்தான். விரிவுரைச் சுருக்கம், பொழிப்பு, பிறகு நேரமிருந்தால் செய்யுள். பரீட்சைக்கு அது உதவியிருக்கலாம். கருத்துகளின் வரலாற்றைப் படிக்க வந்தவருக்கு இதைவிட நட்டமான பழக்கம் கிடையாது. ஒரு சொல்லுக்கு இந்தப் பொருளை யார், எப்போது கொடுத்தார் என்பதுதானே அந்தப் படிப்பின் கேள்வி. உரையாசிரியர் சொன்னதை வள்ளுவர் சொன்னதாகப் பதித்துக்கொண்டவருக்கு அந்தக் கேள்வி எழவே மாட்டாது. பிழை உடனே தெரிவதுமில்லை. கடைசிக் கட்டுரைக்கு உட்காரும்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்க வேண்டிவரும். அதற்குள் வாரம் முடிந்துவிடும்.

37ஆம் குறளைப் பாருங்கள்:

அறத்தாறு இதுவென வேண்டா சிவிகை
பொறுத்தானோடு ஊர்ந்தான் இடை

பல்லக்கைச் சுமக்கிறவன், அதில் ஏறிப் போகிறவன். இவர்களிடையே 'அறத்தாறு இது' என்று சொல்ல வேண்டாம். செய்யுளில் இருப்பது அவ்வளவுதான். பரிமேலழகர் 'ஆறு' என்பதைப் பயன் என்று கொள்கிறார். அறத்தின் பயனை நூல் காட்டி உணர்த்த வேண்டியதில்லை, சுமக்கிறவனையும் ஏறியிருக்கிறவனையும் கண்ணால் பார்த்தாலே விளங்கும் என்பது அவர் உரை. 'ஆறு' என்பதை வழி என்றே வைத்து வாசித்தால், இந்த இருவரையும் காட்டி இதுதான் அறத்தின் வழி என்று சொல்லாதே என்றும் அதே ஏழு சீர் பொருள் தருகிறது. பிற்காலத்தில் அப்படிக் கொண்டவர்கள் உண்டு. 'அறத்தின் பயன் கண்கூடு' என்று நோட்ஸில் ஒரு வரி படித்துவிட்டு வந்தவருக்கு, 'வேண்டா' என்ற சொல்லில் ஒரு முடிச்சு இருப்பதே தெரியாது.

அதிகாரம் முழுவதையும் படித்தால்தான் வழக்கின் இரு பக்கமும் தெரியும். நாளை வீணாக்காமல் செய்யும் அறம், வாழ்நாளின் வழியை அடைக்கும் கல் என்கிற 38ஆம் குறளைப் பிறவியோடு சேர்த்துப் படித்தால் அது பரிமேலழகருக்குத் துணை. 'மனத்துக்கண் மாசிலன் ஆதல் அனைத்தறன்' என்கிற 34 வேறு பக்கம் இழுக்கிறது. பரிமேலழகரோ தன் உரைப்பாயிரத்திலேயே, மனு முதலிய நூல்களில் விதித்தன செய்தலும் விலக்கியன ஒழிதலுமே அறம் என்று வரையறுத்துவிட்டுத்தான் உரைக்குள் இறங்குகிறார். எங்கள் பக்கத்தில் குறள் என்றால் அவர் உரை என்று ஆனதற்கு, ஆறுமுக நாவலர் 1861இல் அதைப் பதிப்பித்ததும் ஒரு காரணம். பத்துப் பேர் உரை எழுதியதாக மரபு சொல்கிறது; ஐந்து பேருடையவை கிடைக்கின்றன. கிடைப்பவற்றுள் பழையது மணக்குடவருடையது.

செய்ய வேண்டியது இது. விரிவுரைக்கு முதல் நாள், அதிகாரத்தின் பத்துக் குறளையும் உரையில்லாமல் சீஆர் கொப்பியில் எழுதுங்கள். பக்கத்துக்கு மூன்று குறள் போதும். ஒவ்வொன்றின் கீழும் ஆறு வரி வெறுமையாக இருக்கட்டும். பத்துக் குறள் எழுபது சீர்தான். மூன்று தரம் வாய்விட்டு வாசிக்கப் பத்து நிமிடம் ஆகாது. உங்களுக்குப் பட்ட பொருளைப் பென்சிலால் எழுதுங்கள். பிறகு மணக்குடவரை நீலத்தில், பரிமேலழகரைச் சிவப்பில். விரிவுரை கடைசியில். பென்சிலில் எழுதியது பிழை என்று தெரிந்தாலும் அழிக்க வேண்டாம். நீங்கள் நினைத்ததும் உரைகாரர் சொன்னதும் எங்கே பிரிகின்றனவோ, அங்கேதான் உங்கள் கட்டுரைக்கான கேள்வி கிடக்கிறது.

மூலங்கள் மதுரைத் திட்டத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்திலும், ஈழத்துப் பதிப்புகள் நூலகம் தளத்திலும் இலவசம். சிக்னல் நன்றாக இருக்கும்போதே இறக்கி வைத்துவிடுங்கள்.

எண்ணை மட்டும் குறித்துவைப்பது

மணக்குடவர் உரையில் குறள்களின் வரிசை பரிமேலழகர் உரையில் உள்ளதுபோல் இல்லை. எண்ணோடு முதல் இரண்டு சீரையும் எழுதாவிட்டால் பிறகு தேடி அலைய வேண்டும். பிளேட்டோவுக்கு இந்தச் சிக்கல் இல்லை. 1578ஆம் ஆண்டுப் பதிப்பின் பக்க எண்ணே ஓரத்தில் நிற்கும். நூற்பெயரோடு '331சி' என்று குறித்தால் எந்த மொழிபெயர்ப்பிலும் அதே இடம். பீடிஎஃப் பக்க எண்ணை எழுதாதீர்கள்.

ஒரே நேரத்தில் மூன்று கற்கைநெறி

வேண்டாம்.

'நீதி' என்று எழுதிவிட்டு நகர்வது

பிளேட்டோவின் 'குடியரசு' நூலில் பேசப்படுகிற 'டிகையோசினே' என்ற கிரேக்கச் சொல்லை நீதி என்று மட்டும் எழுதினால், தமிழ் வாசகர் மனதில் வழக்கு மன்றம்தான் வரும். முதற் புத்தகத்தில் முதியவர் கெஃபலோஸ் சொல்லும் பொருள், உண்மை பேசுவதும் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதும். புத்தி பேதலித்த நண்பனிடம் அவன் ஆயுதத்தைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று சோக்கிரதீஸ் உடனே மடக்குகிறார். நான்காம் புத்தகத்தில் அதே சொல், ஒருவன் உள்ளத்தின் பகுதிகள் தத்தம் வேலையைச் செய்வதாகிவிடுகிறது. கொப்பியில் அந்தச் சொல்லுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, வருகிற இடத்தையும் அங்கே கொள்ளும் பொருளையும் எழுதிக்கொண்டே போங்கள்.

வற்றாப்பளையையும் வஞ்சிக் காண்டத்தையும் கலப்பது

இது எங்கள் ஊர்த் தவறு. பாசத்தால் வருவது. முல்லைத்தீவின் வற்றாப்பளைக் கண்ணகி கோயிலில் வைகாசிப் பொங்கலும், ஊரில் கோவலன் கூத்தும் பார்த்து வளர்ந்த பிள்ளை, கண்ணகி மதுரையை எரித்துவிட்டு இலங்கைக்கு வந்து பத்தாவதாக அமர்ந்த இடம் வற்றாப்பளை என்று ஒப்படையில் எழுதி, இளங்கோ சொன்னதாகக் குறித்துவிடுகிறது. இளங்கோவின் 30 காதைகளில் அது இல்லை. அங்கே அவள் வைகைக் கரை வழியே மேற்கே போய், மலையேறி, வேங்கை நிழலில் நின்று, 14ஆம் நாள் விண்ணேறுகிறாள்.

கோயில் கதையைக் கைவிடச் சொல்லவில்லை. அதுவும் ஒரு கருத்தின் வரலாறு, படிக்க வேண்டியது. பக்கத்தை இரண்டாகக் கோடு போட்டு, இடப்பக்கம் காதை எண்ணோடு இளங்கோ, வலப்பக்கம் கூத்திலும் கோயிலிலும் கேட்டது என்று எழுதுங்கள். கடைசிக் காதைக்கு வந்ததும் நிதானியுங்கள். 'கடல்சூழ் இலங்கைக் கயவாகு வேந்தன்' அங்கே நிற்கிறான். தங்கள் நாட்டுக்கும் வரவேண்டும் என்று மன்னர்கள் வேண்ட, 'தந்தேன் வரம்' என்று ஒரு குரல் எழுகிறது. இரண்டு பக்கமும் தொடுவது அந்த வரியில்தான். அதற்கு மட்டும் கோட்டைத் தாண்டி எழுதலாம்.