அமெரிக்க வீட்டை விற்று இலங்கையின் ஓமந்தையில் காணி வாங்கினால் வரி தள்ளிப்போகுமா?

நியூ ஜேர்சியில் இருக்கும் மச்சாள் போன மாதம் வாட்ஸ்அப்பில் கேட்டாள்: "வாடகைக்கு விட்ட வீட்டை விக்கப்போறம். அந்தக் காசில ஓமந்தையில காணி வாங்கினா இங்க வரி கட்டத் தேவையில்லையாமே?"

தேவை. அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 1031ஆம் பிரிவை யாரோ அரைகுறையாகச் சொல்லிவிட்டிருக்கிறார்கள். முதலீட்டுக்கு வைத்திருந்த வீட்டையோ காணியையோ கொடுத்து இன்னொன்றை எடுத்தால் வரியைத் தள்ளிப்போடலாம், உண்மைதான். ஆனால் அமெரிக்காவில் விற்றதற்கு அமெரிக்காவில்தான் வாங்க வேண்டும்.

முதலில் லாபத்தைப் பாருங்கள். வீட்டை வாங்கியது 200,000 டொலருக்கு. வாடகை வீட்டின் கட்டடப் பெறுமதியை 27.5 வருடத்துக்குப் பிரித்துத் தேய்மானம் கழிப்பார்கள். இதுவரை கழித்தது 50,000 என்றால் மிச்சப் பெறுமதி 150,000. கடனும் செலவும் இல்லையென்று வைத்து 350,000க்கு விற்றால் லாபம் 200,000. பலர் 150,000 என்று நினைத்துச் சறுக்குவது இங்கேதான்.

அப்புறம், காசு கையில் படக்கூடாது. விற்பனை முடியும் முன்பே தகுதியுள்ள இடையாள் ஒருவரோடு ஒப்பந்தம் எழுதி, பணம் அவரிடமே போக வேண்டும். உங்கள் வங்கிக் கணக்கில் ஒரு நாள் இருந்தாலும் காரியம் கெட்டது. விற்று 45 நாளுக்குள் வாங்கப்போவது எதுவென்று எழுத்தில் கொடுக்க வேண்டும், 180 நாளுக்குள் வாங்கி முடிக்க வேண்டும். வரிப் படிவம் கொடுக்கும் கடைசி நாள் அதற்கு முன்னே வந்தால் அதுதான் கெடு. படிவம் கொடுக்க அவகாசம் கேட்டு வாங்கிவிடுங்கள். சனி, ஞாயிறும் எண்ணிக்கையில் சேரும். 300,000க்கு வாங்கி 50,000ஐ எடுத்துக்கொண்டால் அந்த 50,000க்கு வரி உண்டு. முழுவதையும் போட்டாலும் புது வீட்டின் லாபக் கணக்கு அந்தப் பழைய 150,000இலிருந்துதான் தொடங்கும்.

அடுத்தது நட்டம். வாடகையில் வந்த நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்க உச்சவரம்பு 25,000 டொலர். அதுவும் வீட்டு நிர்வாகத்தில் நீங்களே முடிவெடுப்பவராக இருந்தால்தான். வருமானம் 100,000ஐத் தாண்டினால் தாண்டியதில் பாதி இதில் குறையும், 150,000இல் ஒன்றும் மிஞ்சாது. மச்சாள் வீட்டு வருமானம் 130,000, நட்டம் 18,000 என்று வையுங்கள். இந்த வருடம் கழிக்கலாம் 10,000. மிச்சம் 8,000 அடுத்த வருடங்களுக்குப் போகும். வீட்டை வரி கட்டி வெளியாருக்கு முழுதாக விற்றால் அந்த 8,000ம் விடுபடும். 1031இல் மாற்றினால் பெரும்பாலும் பூட்டியபடியே கிடக்கும்.

"அப்ப காணி?" என்றாள்.

வரி கட்டிய மிச்சத்தில் வாங்கலாம். சொந்த உரிமைப் பத்திரம் உள்ள உறுதிக் காணியா, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெமிட் காணியா என்று மட்டும் முதலில் பார்க்கச் சொன்னேன்.