பைக் ஸ்பீக்கர் கரகரக்கிறதா?

வண்டி நிற்கும்போது தேனாகக் கேட்கும் பாட்டு, சென்னை ஓ.எம்.ஆர் சாலையில் வேகம் 60 தொட்டதும் கரகரக்கும். உடனே எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு ஓடிப் பெரிய ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) வாங்கிவிடாதீர்கள். முதலில் பேஸை, அதாவது 'தும் தும்' என்ற அடித்தள ஒலியை, குறையுங்கள். சின்ன ஸ்பீக்கரால் ஆழமான பேஸைத் தர முடியாது. தந்தாலும் காற்றிரைச்சல் விழுங்கிவிடும். ஆம்பில் ஹைபாஸ் ஃபில்டர் (தாழ்ந்த ஒலிகளை வடிகட்டும் அமைப்பு) இருந்தால் 100 ஹெர்ட்ஸ் பக்கம் வையுங்கள். ஸ்பீக்கரின் கோன் (அதிரும் கூம்பு) வீணாகத் துள்ளாது, பாடுபவரின் குரல் தெளியும்.

அப்புறம் கெய்ன். பலரும் நினைப்பதுபோல அது வால்யூம் திருகு இல்லை; பிளேயரின் சிக்னலுக்கு ஏற்ப ஆம்பைப் பொருத்தும் திருகு. பிளேயரை முக்கால் சத்தத்தில் வைத்துக் கெய்னை மெல்லக் கூட்டுங்கள். பிசிறு தட்டியதும் கொஞ்சம் குறைத்து அங்கேயே விட்டுவிடுங்கள்.

ஆம்புக்குக் கரண்டை நேராக பேட்டரியிலிருந்து எடுங்கள், பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போட்டு. ஹெட்லைட் வயரில் ஒட்டுப்போட்டு, வேளச்சேரியிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவன் சொல்கிறேன். ஆக்ஸிலரேட்டரை முறுக்க முறுக்க 'ஙொய்' என்ற சத்தமும் ஏறினால், முதல் சந்தேகம் எர்த் வயர் மேல். அது வண்டியில் சேரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் இறுக்குங்கள்.

ஐப்பசி மழைக்குத் தாங்க, தண்ணீர் புகாத மரைன் (படகுகளுக்கான) வகை ஸ்பீக்கராகக் கேட்டு வாங்குங்கள். சரி, சத்தத்தை ஆம்புலன்ஸ் சைரன் காதில் விழும் அளவுக்கு மட்டும் வையுங்கள்.