முயலுக்குச் சோறு புல்தான்: குட்டியிலிருந்து பெரிதாகும் வரை என்ன போடலாம்?

சேலம் கன்னங்குறிச்சியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இரண்டு முயல்கள் இருக்கின்றன. வாங்கும்போது கடைக்காரர், "ரெண்டு மாசக் குட்டிங்க, எல்லாம் தின்னும்" என்றார். எல்லாம் தின்னத்தான் செய்தன. கேரட்டும் முட்டைக்கோசுமாக நான் அள்ளிப் போட, மூன்றாம் நாளே ஒன்றுக்குக் கழிச்சல். கால்நடை மருத்துவர் குட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தவுடன், "இதுக்கு ஒரு மாசம்தானே இருக்கும்?" என்றார். அன்றிலிருந்து தட்டுத்தடுமாறிக் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: வயதை உறுதி செய்யுங்கள்

பிறந்து பத்துப் பன்னிரண்டு நாளில் குட்டி கண் திறக்கும். 3 வாரம் வரை தாய்ப்பால் மட்டுமே. பிறகு தாய் தின்னும் புல்லைக் கொறிக்கப் பழகும். 6 முதல் 8 வாரத்துக்குள் பால்குடி மறந்துவிடும். உள்ளங்கையில் அடங்குகிற குட்டிதான் அழகு, ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் 8 வாரம் ஆகாததை வாங்காதீர்கள். பாவம் என்று பசும்பாலும் ஊற்றாதீர்கள்.

வாங்கும் இடத்தில் என்ன தீவனம் தின்றது என்று கேட்டு, அதிலேயே ஒரு வாரத்துக்கு வாங்கி வாருங்கள். உங்கள் தீவனத்தை அதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, 7 முதல் 10 நாளில் முழுவதும் மாற்றலாம்.

படி 2: உலர்புல் போடுங்கள்

வளர்ந்த முயல் சாப்பிடுவதில் 100-க்கு 80 பங்குக்கு மேல் புல்லாகவே இருக்க வேண்டும். பால் மறந்த குட்டிக்கும் புல்தான் முக்கியம். அதன் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். நாள் முழுக்கப் புல்லை அரைத்தால்தான் தேயும். இன்னொன்று, முயலால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது முன்னோக்கித்தான் நகர வேண்டும். அதை நகர்த்துவது நார்ச்சத்து.

பாக்கெட்டில் வரும் திமோதி புல் நல்லதுதான், விலைதான் கையைக் கடிக்கும். சேலத்துச் சூடு சும்மாதானே கிடைக்கிறது, நாமே உலர்த்திக்கொள்ளலாம்! அருகம்புல்லோ, மாட்டுக்குப் போடும் கோ-4 புல்லோ, மருந்து தெளிக்காத இடத்தில் அறுத்து வாங்குங்கள். சாலையோரத்தில் பிடுங்க வேண்டாம். தண்டு தடிப்பாக இருந்தால் விரல் நீளத்துக்கு நறுக்கி, மாடியில் நிழல் விழும் பக்கம் பழைய வேட்டியை விரித்து மெல்லிசாகப் பரப்புங்கள். நேர் வெயிலில் வெளுத்துப்போகும். காலையும் மாலையும் ஒருமுறை கிளறிவிட்டால் இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும். கையில் பிடித்து முறுக்கினால் சரசரவென்று ஒடிய வேண்டும். பச்சை நிறம் கொஞ்சமாவது மிஞ்ச வேண்டும். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூசணம் பிடிக்கும். பூசண வாடை வந்த புல்லை யோசிக்காமல் குப்பையில் போடுங்கள். வைக்கோலில் சத்து போதாது. கூண்டில் மெத்தையாக விரிக்கலாம், அவ்வளவுதான்.

ஏற்காட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு மூடுபனியும் மழையும்தான் தொல்லை. நனைந்த பச்சைப்புல்லைக் கட்டாகவே போட்டு வைத்தால் உள்ளே சூடேறி ஊசிவிடும். உதறிப் பரப்பி வைத்துப் போடுங்கள்.

படி 3: 6 மாதம் வரை வளர்ச்சிக்கு

இந்த வயதில் பெல்லட் (கடையில் விற்கும் குச்சித் தீவனம்) தாராளமாகக் கொடுக்கலாம். குதிரை மசால், வேலிமசால், முயல் மசால் ஆகிய தீவனப் பயிர்களும் சேரலாம். (முயல் மசாலுக்குப் பெயரிலேயே முயல் இருக்கிறது!) இவற்றில் புரதமும் சுண்ணாம்புச்சத்தும் அதிகம், வளரும் எலும்புக்கு வேண்டியவை.

படி 4: 12 வாரத்துக்குப் பிறகு கீரை, தழை

ஒரு நேரத்தில் ஒரே ஒரு புதுத் தழை. முதல் நாள் இரண்டு இலை போட்டு, மறுநாள் புழுக்கை கெட்டியாக இருந்தால் கொஞ்சம் கூட்டுங்கள். கொத்தமல்லி, புதினா, மல்பெரி இலை எல்லாம் எங்கள் வீட்டில் உடனே காலி. உழவர் சந்தையில் முள்ளங்கித் தழையை ஒடித்து ஒதுக்கிவிடுவார்கள். கேட்டால் சும்மாவே தருவார்கள். கேரட்டில் இனிப்பு அதிகம், வாரத்துக்கு ஒன்றிரண்டு சிறு துண்டு போதும்.

போடவே கூடாதவை: வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, அரளி, மலையில் வேலியெல்லாம் படர்ந்திருக்கும் உண்ணிச்செடி, மரவள்ளி இலை, ஏற்காட்டில் விளையும் பட்டர் ஃப்ரூட். சவுண்டல் (சூபாபுல்) இலை தொடர்ந்து தின்றால் முடி கொட்டும்.

பக்கத்து வீட்டு ஆயா ஒருநாள் வேகவைத்த ஜவ்வரிசியோடு வந்துவிட்டார். "வாயில்லா சீவன், ஒரு வாய் தின்னா என்ன கண்ணு?" சேலத்தில் ஜவ்வரிசி வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு கஷ்டம்! "இதுக்கு மாவுச்சத்து ஆகாதுங்க ஆயா, வயிறு உப்பிக்கும்" என்றேன். இப்போது அவரே புதினா கிள்ளிக்கொண்டு வருகிறார். சோறு, ரொட்டி, பிஸ்கட்டுக்கும் இதே பதில்தான்.

படி 5: 7 மாதமானதும் குறையுங்கள்

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். வளர்ந்த முயலுக்கு ஒரு கிலோ எடைக்கு 25 கிராம் பெல்லட் போதும். 2 கிலோ முயலுக்கு ஒரு நாளைக்கு 50 கிராம். மசால் வகைகளையும் குறைத்துவிடுங்கள். மிச்சமாகும் சுண்ணாம்புச்சத்து சிறுநீர் வழியாகத்தான் போகும். அதிகமானால் சிறுநீர்ப்பையில் மணல் மாதிரி சேரும். ஒரு மாதத்தில் மெதுவாகக் குறைத்தேன். முதல் வாரம் கிண்ணத்தைக் கவிழ்த்துப் போட்டுக் கோபித்துக்கொண்டன, அப்புறம் புல்லுக்கு வந்துவிட்டன.

தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். பாட்டிலைவிடக் கனமான மண்கிண்ணத்தில் வைத்தால் நிறையக் குடிக்கும். சித்திரை வெயிலில் தழையை அலசி ஈரத்தோடு, விடிகாலையிலும் பொழுது சாயும்போதும் போடுங்கள்.

படி 6: தினமும் புழுக்கையைப் பாருங்கள்

நல்ல புழுக்கை உருண்டையாக, ஒரே அளவில் இருக்கும். விரலால் நசுக்கினால் உள்ளே மரத்தூள் போல நார் தெரியும். குட்டி குட்டித் திராட்சைக் கொத்து மாதிரி மெத்தென்று இன்னொரு வகை உண்டு. அதை முயல் குனிந்து தானே தின்றுவிடும். முதலில் பார்த்தபோது எனக்கு முகம் சுளித்தது. ஆனால் அது அதற்கு வேண்டிய சத்து, தடுக்காதீர்கள். அது தரையில் நிறையக் கிடந்தால் பெல்லட்டும் இனிப்பும் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம்.

புழுக்கை சிறுத்துப்போனாலோ, 12 மணி நேரமாக எதையும் தொடாவிட்டாலோ நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். தட்டில் கிடப்பதில் நாலைந்து புழுக்கையையும் காகிதத்தில் மடித்துக்கொள்ளுங்கள். என்னிடம் அதைத்தான் முதலில் கேட்டார்கள்.